மேல் மாடியில் குடியிருப்பவர்

முருகன் துணை

திருப்பூர்
12.6.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வேல்குமார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சத்யப்பிரியாவும் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? உங்கள் மகன் இளங்குமரனின் உரக்கடை வியாபாரம் எப்படிப் போகிறது?

கைக்குக் கை போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடுதாசி போடுகிறான் என்று நினைப்பீர்கள். எப்போது கூப்பிட்டாலும் உங்கள் மருமகள் ஜெயசுதாதான் எடுக்கிறாள். "அத்தை தூங்கறாங்க மாமா" என்கிறாள். காலை பத்து மணிக்கு என்ன தூக்கம்? எழுந்ததும் கூப்பிடச் சொன்னேன். நீங்கள் கூப்பிடவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் காரியம் உங்களிடம் இருப்பதால் எழுதுகிறேன்.

வீட்டு வரியில் ஒரு சலுகை வந்திருக்கிறது. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வீட்டை வைத்திருப்பவர்களுக்கு வரியைக் குறைக்கிறார்களாம். கூரையில் சோலார் வேண்டும், அதை சத்யா போன வருஷமே அடம்பிடித்துப் போட வைத்துவிட்டாள். வாசலில் மரம் வேண்டும், அப்பா வைத்த வேம்பு இருக்கிறது. குளித்த தண்ணீர் மரத்துக்குப் போகிறது. மழைநீருக்கு ஒரு தொட்டி மட்டும் கட்டிவிட்டால் ஆச்சு.

ஆனால் வீடு உங்கள் பேரிலும் இருக்கிறதே. கீழ்வீடு எனக்கு, மேல் மாடி உங்களுக்கு என்றுதானே அப்பா எழுதி வைத்தார். வரி ஆபீசில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: "மேல ஆருங்க குடியிருக்கறாங்க? கிடங்கா வெச்சிருந்தா சலுகை இல்லீங்க. ஊட்டுச் சொந்தக்காரங்களே குடியிருந்தாத்தானுங்க." நான் யோசிக்காமல், "எங்கக்கா இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டேன். என் கட்டிங் வேலையில் மிஞ்சிய பனியன் துணி மூட்டைகள்தான் அங்கே இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன்' என்பதற்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். ஒரு நிமிஷ வேலை.

உங்கள் தம்பி
வேல்குமார்


மடத்துக்குளம்
4.7.2024

சிரஞ்சீவி வேலுவுக்கு, அக்கா முத்தாத்தாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். சத்யாவைக் கேட்டதாகச் சொல்லவும். முட்டிவலி எனக்குப் பழகிவிட்டது, இருக்கிறதா என்று நானே சில சமயம் தேடிப் பார்க்கிறேன்.

உன் கடிதம் என் கையிலேயே கிடைத்தது. இப்போதெல்லாம் நான் வாசல் பக்கம்தான் இருக்கிறேன். கடையில் சரக்கு அதிகமாகிவிட்டதால் என் அறையில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். என் கட்டிலை முன் வராண்டாவுக்கு மாற்றியாகிவிட்டது. காற்று நன்றாக வருகிறது. கொசுதான் கொஞ்சம். போன் ஜெயசுதாவிடம் இருக்கிறது, அவளுக்கு வேலை அதிகம், நீ ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே. இனியும் எழுத்திலேயே விசாரி.

தாளைப் படித்தேன். குடியிருக்காத வீட்டில் குடியிருக்கிறேன் என்று எழுதிக்கொடுக்க எனக்குக் கை வரவில்லை. உன் மாமா உயிரோடு இருந்தபோது ரேஷன் கார்டில்கூட ஒரு பொய் எழுத விட்டதில்லை.

ஒன்று கேட்கிறேன். மேல் மாடியில் மின்விசிறி ஓடுகிறதா? பாத்ரூமில் தண்ணீர் வருமா? படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்தாயா இல்லையா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்
அக்கா


திருப்பூர்
22.7.2024

அக்காவுக்கு வணக்கம். ஆடி பிறந்து காற்று தூக்கி அடிக்கிறது, சோலார் பலகை பறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க முருகன் அருள் புரியட்டும்.

நான் கேட்டது கையெழுத்து. நீங்கள் கேட்பது பாத்ரூம். ஏனுங்க அக்கா, இப்படியா ஒரு மனுஷனைப் படுத்துவீர்கள்? குடியிருக்காத மாடிக்கு மின்விசிறி எதற்கு? குழாய் துருப்பிடித்து ஒரு வருஷமாகிறது. கைப்பிடியைப் பற்றி நான் யோசித்தது கூடக் கிடையாது. நீங்கள் எழுதிக்கொடுத்தால் அது பொய் ஆகாது. உங்கள் பேரில் இருக்கும் மாடியில் நீங்கள் மனதளவில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதைப் படித்துவிட்டு சத்யா முறைக்கிறாள்.

எப்படியும் வரி ஆபீஸ்காரர்கள் வீட்டை வந்து பார்ப்பதற்குள் மாடியைக் காலி செய்தாக வேண்டும். அவ்வளவு மூட்டையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. மழைநீர்த் தொட்டிக்கு முன்னால் தண்ணீரை வடிகட்ட ஒரு குழி வேண்டும். அதில் ஜல்லி, மணல், கரி எல்லாம் அடுக்கு அடுக்காகப் போடணும் என்றான் கொத்தனார். எதற்கு? நம்மிடம் மூட்டை மூட்டையாகப் பனியன் துணி இருக்கிறது. திருப்பூரில் மிஷின் துடைப்பதும் அதில்தான், தலையணை அடைப்பதும் அதில்தான், ஒழுகுகிற குழாயில் சுற்றுவதும் அதில்தான். தண்ணீர் வடிகட்டாதா? மூட்டையும் தீர்ந்தது, குழியும் நிறைந்தது. கொத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்க்கட்டும்.

கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து.

தம்பி
வேல்குமார்


கொமரலிங்கம்
30.8.2024

சிரஞ்சீவி வேலுவுக்கு, அக்கா எழுதுவது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீயும் சத்யாவும் நலம்தானே? இங்கே ஆற்றில் தண்ணீர் வந்து வயல் எல்லாம் பச்சையாக இருக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சி.

மாமாவின் அக்கா கண்ணம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வந்தேன். அவளும் தனியாகத்தான் இருக்கிறாள், பேச்சுத் துணைக்கு ஆச்சு என்கிறாள். நான் கோயிலுக்குப் பூக் கட்டித் தருகிறேன். இனி கடிதத்தை மடத்துக்குளத்துக்கு அனுப்பாதே, கீழே எழுதியிருக்கும் கண்ணம்மாள் முகவரிக்கு அனுப்பு.

குழியில் துணி போட்டேன் என்று எழுதியிருந்தாயே, வெள்ளைத் துணியா கலர்த் துணியா?

மாடி காலியாகிவிட்டதா? அந்தக் கிழக்கு ஜன்னல் திறக்கிறதா?

அக்கா
முத்தாத்தாள்


திருப்பூர்
20.9.2024

அக்காவுக்கு வேல்குமார் எழுதுவது. சுகம், சுகம் அறிய ஆவல். கண்ணம்மாள் அக்காவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

உங்கள் கடிதம் வருவதற்குள் நான் மடத்துக்குளத்துக்கு ஒன்று போட்டு, அது திரும்பி வந்து சேர்ந்தது. உறைமேல் 'இந்த முகவரியில் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. மருமகன் இளங்குமரன் கையெழுத்துதான் அது. அம்மா ஊருக்குப் போயிருந்தால் வாங்கி வைத்து அப்புறம் கொடுக்க மாட்டானா? தபால் செலவு எனக்குத்தானே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு கிடையாது.

மாடி காலியாகிவிட்டது. ஜன்னல் திறக்கிறது. கலர்த் துணியா என்றால், ஆமாம், செக்கச் சிவந்த சிவப்பு. போன தீபாவளிக்கு ஒரு கம்பெனி வேண்டாம் என்று திருப்பிவிட்ட லாட். அதற்கென்ன இப்போது? துணி துணிதானே.

அடுத்த மாதம் ஆபீசிலிருந்து வீட்டைப் பார்க்க வருகிறார்கள். மற்ற எல்லாம் தயார். உங்கள் தாள் மட்டும்தான் பாக்கி. கண்ணம்மாள் அக்காவிடம் பேனா இல்லையென்றால் சொல்லுங்கள், ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

வேல்குமார்


திருப்பூர்
16.10.2024

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெரிய மழை. கூரைத் தண்ணீர் முழுக்கக் குழி வழியாகத் தொட்டிக்குப் போகிற சத்தம் கேட்டு நானும் சத்யாவும் சந்தோஷமாகத் தூங்கினோம். காலையில் கதவைத் திறந்தால் எங்கள் வாசலிலிருந்து சாக்கடை வரைக்கும் சிவப்பாக ஓடுகிறது. தொட்டி நிறைந்து வழிந்திருக்கிறது. ஏதோ ஆடு வெட்டியது மாதிரி இருந்தது.

வேறு ஊராக இருந்தால் என்னவோ என்று போய்விடுவார்கள். இது திருப்பூர். சாக்கடையில் கலர் ஓடினால் ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டுப் பொன்னுச்சாமி அண்ணன் லுங்கியோடு ஓடி வந்தார். "ஏனுங்க வேல்குமாரு, ஊட்டுக்குள்ளயே சாயப்பட்டறை போட்டுட்டீங்களா? நாங்க குடியிருக்கறதா வேண்டாமா?" என்றார். "இல்லீங்கண்ணா, இது சுற்றுச்சூழலுக்குங்க" என்றேன். அதைச் சொன்னது பெரிய தப்பு. தெருவே சிரித்துவிட்டு, யாரோ புகாரும் கொடுத்துவிட்டார்கள்.

தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் பாட்டிலோடு வந்தார்கள். அவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வரிச் சலுகைக்காக வீட்டைப் பார்க்க வந்த ஆபீசரும் வந்து நின்றார். என் நேரம் எப்படி இருக்கிறது பாருங்கள். ஒருத்தர் என் வீட்டைப் பாராட்ட வந்தவர், இன்னொருத்தர் பிடிக்க வந்தவர், இருவரும் ஒரே குழிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். குழியிலிருந்து துணியை இழுத்துக் காட்டினேன். என் கை மணிக்கட்டு வரை சிவந்துவிட்டது. அந்த லாட்டைக் கம்பெனி எதற்காகத் திருப்பியது என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சாயம் நிற்கவில்லை என்றுதான் திருப்பினார்கள். கட்டிங் டேபிளிலேயே முப்பது வருஷமாக நிற்கிறவன் நான். இதை வெளியில் சொல்ல முடியுமா?

சலுகை மனு அந்தரத்தில் நிற்கிறது. சத்யா என்னோடு பேசுவதில்லை. அவளுடைய வெள்ளைத் துணிகள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன.

வேல்குமார்


கொமரலிங்கம்
8.11.2024

சிரஞ்சீவி வேலுவுக்கு, அக்கா எழுதுவது. நலம். தீபாவளிக்குக் கண்ணம்மாள் எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். சத்யாவின் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைக் கண்ணம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆடு வெட்டிய இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. அவளும் சிரித்தாள். பல மாதமாக நான் சிரிக்கவில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும், திட்டக் கூடாது.

கண்ணம்மாள் பேத்தி பிரசவத்துக்கு மார்கழியில் இங்கே வருகிறாள். வீடு சிறியது. பிள்ளை பெற வருகிறவளுக்கு ஓர் அறையாவது வேண்டாமா. கண்ணம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள்.

மாடி காலியாகத்தானே இருக்கிறது? கட்டில் போட்டால் ஜன்னலை அடைக்காதே?

அக்கா


திருப்பூர்
27.11.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே ஒருவழியாக எல்லோரும் சுகம். கண்ணம்மாள் அக்காவின் பேத்திக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும்.

சாயப்பட்டறை இல்லை, முட்டாள்தனம்தான் என்று தண்ணீரைச் சோதித்தவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அந்த வார்த்தையைப் போடவில்லை, ஆனால் அதுதான் அர்த்தம். துணியை எல்லாம் வாரி எறிந்துவிட்டு ஜல்லி, மணல், கரி போட்டாகிவிட்டது. கொத்தனார் வாயைத் திறக்கவில்லை. அவன் திறக்காததே எனக்கு எரிச்சலாக இருந்தது. பொங்கலுக்கு அப்புறம் மறுபடி பார்க்க வருகிறார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு.

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மாடியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஆபீசர் கண்ணுக்கு வீடு மாதிரி தெரிய வேண்டுமே என்று மின்விசிறி போட்டாச்சு. குழாய் மாற்றியாச்சு. உங்கள் நச்சரிப்பு தாங்காமல் கைப்பிடிகூட வைத்தாச்சு. இன்னும் என்ன வேண்டும்? ஆபீசர் வரும் அன்று ஒரு கட்டிலைப் போட்டு, கொடியில் உங்கள் புடவை ரெண்டைத் தொங்கவிட்டால் போதும். புடவையைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் நேரில் வந்து சிரமப்பட வேண்டாம். தாளில் கையெழுத்து மட்டும் வந்தால் போதும்.

வேல்குமார்


கொமரலிங்கம்
9.12.2024

வேலுவுக்கு அக்கா எழுதுவது.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பொய்க்குப் போடவில்லை. வருகிற 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு நான் திருப்பூர் வருகிறேன். புடவை ரெண்டு கேட்டாய். எல்லாவற்றையும் எடுத்து வருகிறேன். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பைதான்.

ஆறு மாதமாக நீ எனக்கு எழுதுகிறாய். ஒவ்வொரு கடிதத்திலும் சுகமா என்று கேட்கிறாய். என் முகவரி மாறியது. நீ புது முகவரியை உறைமேல் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினாய். ஏன் மாறியது என்று மட்டும் கேட்கவில்லை. திரும்பி வந்த கடிதத்தில் என் மகன் எழுதியதை நீயே எனக்கு எழுதினாய், அதற்கும் தபால் செலவைத்தான் பேசினாய். எனக்கு அழுகை வந்தது வேலு. கோபமும் வந்தது.

ஆடி மாதம் ஒருநாள் ஜெயசுதா, "எத்தனை நாளைக்கு வராண்டாவுலயே இருப்பீங்க, வர்றவங்க என்ன நெனப்பாங்க" என்றாள். இளங்குமரன் பக்கத்தில்தான் நின்றான். உரமூட்டையை எடுக்கிறேன் என்று சொல்வான் என்று பார்த்தேன். அவன் கடைக்குப் போய்விட்டான். நானே கிளம்பிவிட்டேன். மடத்துக்குளத்தில் என் அறையில் மூட்டை, திருப்பூரில் என் மாடியிலும் மூட்டை. நான் எங்கே போவேன்?

அப்பா எனக்கென்று எழுதிய இடம் அது. கேட்டு வாங்கக் கூச்சமாக இருந்தது. நீயாக வா என்று சொல்வாய் என்றுதான் மின்விசிறியைக் கேட்டேன், பாத்ரூமைக் கேட்டேன், ஜன்னலைக் கேட்டேன். நீ வர வேண்டாம் என்று எழுதிவிட்டாய். பரவாயில்லை, வருகிறேன்.

முத்தாத்தாள்


திருப்பூர்
14.12.2024

அக்கா,

பஸ் ஏறாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் சத்யாவும் வண்டி எடுத்துக்கொண்டு கொமரலிங்கம் வருகிறோம். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம், உள்ளேயே உட்கார்ந்திருங்கள்.

ஏனுங்க அக்கா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பாத்ரூமில் தண்ணீர் வருமா என்று கேட்டால் என்னைப் போல ஒருத்தனுக்கு எப்படிப் புரியும்? சத்யா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதுவரைக்கும் வந்த எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்து என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

தாளை இன்னும் ஆபீசில் கொடுக்கவில்லை. நீங்கள் வந்த பிறகு கொடுக்கிறேன். சலுகை கிடைத்தால் கிடைக்கிறது, இல்லாவிட்டால் போகிறது.

கட்டில் ஜன்னலை அடைக்கவில்லை. போட்டுப் பார்த்துவிட்டேன்.

வேலு


மேல் மாடி
திருப்பூர்
27.1.2025

மகன் இளங்குமரனுக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். நீயும் ஜெயசுதாவும் நலமாக இருக்கப் பழனியாண்டவரைக் கும்பிடுகிறேன். கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும், நேரத்துக்குச் சாப்பிடு.

நான் மார்கழியிலிருந்து இங்கே உன் மாமா வீட்டில் இருக்கிறேன். மாமா வீடு என்று எழுதிவிட்டேன், மேல் மாடி என்னுடையது. கிழக்கு ஜன்னலில் வேப்பங்கிளை எட்டிப் பார்க்கிறது. காலையில் வெயில் கட்டில் வரைக்கும் வருகிறது. தொட்டித் தண்ணீரில் இன்னும் லேசாகச் சிவப்பு வருகிறது. நான் துவைத்த வெள்ளைப் புடவைகள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. உன் மாமா தலையில் அடித்துக்கொண்டான். நான் அவற்றைத்தான் கட்டுகிறேன், உன் அப்பாவுக்கு அந்தக் கலர் பிடிக்கும்.

வீட்டு வரியில் சலுகை கொடுப்பதற்காகப் போன வியாழக்கிழமை ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். சோலாரைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தொட்டியில் கையை விட்டு நிறம் பார்த்தார். உன் மாமா வியர்த்து நின்றான். இன்னும் ரெண்டு மழை போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். உன் மாமா ராத்திரி வரைக்கும் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கு முன்னால் அவர் படியேறி மேலே வந்தார். நான் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். தாளைப் பார்த்தபடியே, "மேல ஆருங்க குடியிருக்கறது?" என்று கேட்டார். உன் மாமா வாயைத் திறந்தான். அவன் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நான்தானுங்க."

இனி எனக்குக் கடிதம் போடுவதாக இருந்தால் மேலே உள்ள முகவரிக்குப் போடு. திரும்பி வராது.

அம்மா
முத்தாத்தாள்